40 பின் பொருந்தியும் பேசாத டிரைவ்: அமிகா 500 – ஏ590 நிகழ்வு ஆய்வு

கொமடோர் அமிகா 500 என்ற 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் இடது பக்கத்தில் செருகும் ஏ590 ஹார்டு டிஸ்க் பெட்டி. பழைய பிசியிலிருந்து கழற்றிய 2 ஜிபி ஐடிஇ டிரைவ் (ஐடிஇ என்பது பிசி டிரைவ்களின் இணைப்பு முறை). சரிபார்க்க வந்தவை இவ்வளவுதான். ஏ590-க்குள் முதலில் இருந்த 20 எம்பி டிரைவுக்கு வயதாகிவிட்டது. சுழல்கிறது, ஆனால் சில கோப்புகளைப் படிக்கும்போது திணறுகிறது. அதை எடுத்துவிட்டு ஐடிஇ டிரைவை மாட்டினால் வேலை முடிந்தது என்று உரிமையாளர் நினைத்திருக்கிறார். நினைத்ததில் தப்பில்லை. இரண்டு டிரைவிலும் 40 பின். கேபிள் அப்படியே பொருந்துகிறது. பவர் பிளக்கும் அதே நான்கு பின் மோலெக்ஸ்.

மாட்டியபின் நடந்தது இது: அமிகாவை ஆன் செய்ததும் டிரைவ் சுழல ஆரம்பிக்கிறது. அதன் விளக்கு எரிந்தபடியே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, பிளாப்பியைப் பிடித்திருக்கும் கை திரையில் வருகிறது. அமிகாவின் ரோமில் இருக்கும் துவக்க மென்பொருளான கிக்ஸ்டார்ட் 1.3, எந்த டிஸ்கையும் காணாதபோது காட்டும் படம் அது. செட்டப் பிளாப்பியிலிருந்து துவக்கி, ஹார்டு டிஸ்கை அமைக்கும் நிரலான எச்டிடூல்பாக்ஸைத் திறந்தால் டிரைவின் சுவடே இல்லை. மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று ஜம்பரை எல்லா இடத்திலும் மாற்றிப் பார்த்தும் பலனில்லை.

“டிரைவ் போயிடுச்சா, போர்டு போயிடுச்சா, எதுங்க?” என்பதுதான் அவர் கேட்டது. இரண்டும் போகவில்லை. ஆனால் அதை உறுதியாகச் சொல்ல ஒரு வரிசையில் சோதிக்க வேண்டியிருந்தது. அந்த வரிசை அமிகாவுக்கு மட்டும் உரியதல்ல; 1980-களின் எந்த வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சோதனை: தெரிந்த நல்ல நிலைக்குத் திரும்புவது

புதிய டிரைவைக் கழற்றி, திணறும் அந்தப் பழைய 20 எம்பி டிரைவையே மறுபடி மாட்டினேன். அமிகா அதிலிருந்து தானாகத் துவங்கியது. அமிகாவின் திரை முகப்பான ஒர்க்பெஞ்ச் வந்தது. நடுவில் ஒன்றிரண்டு இடத்தில் படிக்க முடியவில்லை என்ற செய்தி வந்ததைத் தவிர வேறு கோளாறு இல்லை.

இந்த ஒரே சோதனையில் சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஏ590 போர்டு வேலை செய்கிறது. அதன் பூட் ரோம் வேலை செய்கிறது. கேபிள் சரி. பக்கவாட்டு எட்ஜ் கனெக்டரில் அழுக்கு இல்லை. அமிகாவில் இருப்பது கிக்ஸ்டார்ட் 1.3தான். இது முக்கியம், ஏனென்றால் 1.2-இல் ஹார்டு டிஸ்கிலிருந்து தானாகத் துவங்கும் வசதியே கிடையாது. 1.2 உள்ள அமிகா 500-இல் ஏ590-ஐ மாட்டிவிட்டு “டிரைவ் தெரியவில்லை” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய உண்டு.

அடுத்து அந்தப் பிசி டிரைவை ஒரு யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி வேறு கணினியில் பார்த்தேன். முழுக் கொள்ளளவும் தெரிந்தது, பிழையில்லாமல் படித்தது. ஆக, இரண்டு பக்கமும் நலம். இரண்டும் சேர்ந்தால்தான் பேச்சில்லை. அப்படியென்றால் பிரச்சினை இடைமுகத்தில், அதாவது இருவரும் பேசும் மொழியில்.

லேபிளைப் படிப்பது

பழைய டிரைவின் லேபிளில் இருந்தது: வெஸ்டர்ன் டிஜிட்டல் டபிள்யூடி93028-எக்ஸ். இந்தக் கடைசி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதே காலத்தில் அதே நிறுவனம் விற்ற டபிள்யூடி93024-ஏ, டபிள்யூடி93044-ஏ ஆகியவற்றின் முடிவில் ‘ஏ’ இருக்கும். ஏ என்றால் ஏடி வகை, எக்ஸ் என்றால் எக்ஸ்டி வகை (ஐபிஎம்மின் பிசி ஏடி, பிசி எக்ஸ்டி கணினிகளின் பெயரால் வந்த இரண்டு இடைமுக வகைகள்; விவரம் பின்னால்). இரண்டுக்கும் அதே 40 பின் கனெக்டர்.

அக்கால டிரைவ்களில் மாடல் எண்ணின் வாலைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சீகேட் இதில் மிக ஒழுங்கு. எஸ்டி157-ஏ, எஸ்டி157-என், எஸ்டி157-ஆர் என்று மூன்று டிரைவ்கள் இருந்தன. மூன்றின் எண்ணும் ஒன்றுதான், இடைமுகம் வேறு வேறு. ஏ என்றால் ஏடி வகை ஐடிஇ. என் என்றால் ஸ்கசி (பல சாதனங்களைச் சங்கிலியாக இணைக்கும் வேறொரு இடைமுகம்). ஆர் என்றால் எஸ்டி-506 என்ற பழைய இடைமுக வகையில், தரவைத் தட்டில் பதிக்கும் ஆர்எல்எல் குறியீட்டு முறை. எழுத்தே இல்லாமல் எஸ்டி-225, எஸ்டி-251 என்று மொட்டையாக இருந்தால் எம்எஃப்எம் என்ற மற்றொரு குறியீட்டு முறை. ‘ஏ/எக்ஸ்’ என்று இரண்டும் சேர்ந்திருந்தால் ஜம்பர் வைத்து ஏடி, எக்ஸ்டி என்று மாற்றிக்கொள்ளலாம், எஸ்டி351-ஏ/எக்ஸ் அப்படிப்பட்டது. அந்த டிரைவ் இன்றைக்கும் ஏன் தேடப்படுகிறது என்பது பின்னால் புரியும். குவாண்டத்தில் ‘எஸ்’ ஸ்கசி, ‘ஏடி’ ஐடிஇ. கானரில் எழுத்துக்குப் பதில் கடைசி எண்: சிபி-3040 ஸ்கசி, சிபி-3044 ஐடிஇ. கானர் விஷயத்தில் விதிவிலக்குகள் உண்டு, எனவே அதை மட்டும் நம்பி பவர் கொடுக்க மாட்டேன்.

லேபிள் சொன்னது ஒரு துப்பு. அதைப் போர்டிலேயே சரிபார்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. லேபிள் உரிந்துபோன டிரைவ்களும், முன்பே யாரோ மாற்றிவைத்த டிரைவ்களும் நிறைய வருகின்றன. அதனால் கம்ப்யூட்டர் பக்கம் என்ன எதிர்பார்க்கிறது என்று தனியாகத் தெரிந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

மல்டிமீட்டர் சொன்னது

எல்லா இணைப்பையும் கழற்றி, பவரை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்தேன். கறுப்பு முனை மோலெக்ஸ் பிளக்கின் கறுப்பு ஒயரில். சிவப்பு முனையால் ஏ590 போர்டிலுள்ள 40 பின் கனெக்டரில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுக்கொண்டே போனேன். பீப் ஒலித்தால் அந்தப் பின் கிரவுண்ட், அதாவது தரைக் கோடு.

சாதாரண ஏடி வகை ஐடிஇயில் கிரவுண்ட் பின்கள் 2, 19, 22, 24, 26, 30, 40. இவை ஏழு மட்டுமே. 3 முதல் 18 வரை உள்ள பதினாறு பின்களும் தரவுக்கானவை. அதில் ஒற்றைப்படைப் பின்கள் கீழ் 8 பிட், இரட்டைப்படைப் பின்கள் மேல் 8 பிட்.

இந்தப் போர்டில் 4-ஆம் பின்னைத் தொட்டதும் பீப். 6, பீப். 8, 10, 12, 14, 16, 18 எல்லாமே பீப். மேல் 8 பிட் வர வேண்டிய இடத்தில் முழுக்க கிரவுண்ட். ஒற்றைப்படைப் பக்கம் 3 முதல் 17 வரை மௌனம். சந்தேகத்துக்கே இடமில்லை: இது 8 பிட் கனெக்டர். எக்ஸ்டி வகை ஐடிஇ, சிலர் எக்ஸ்டிஏ என்று எழுதுவார்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. லேபிள் இல்லாத, ஆவணம் கிடைக்காத போர்டு எதுவானாலும் 40 பின்னைப் பார்த்தால் முதலில் இதைச் செய்துவிடுவது என் வழக்கம். ஏடி டிரைவை இங்கே மாட்டினால் அதன் மேல் 8 தரவுக் கோடுகளும் நேராகத் தரையோடு சேர்ந்துவிடும். டிரைவ் அந்தக் கோடுகளில் எதையாவது அனுப்ப முயன்றால் அதன் வெளியீட்டுச் சிப்புக்கு நல்லதில்லை. இந்த முறை டிரைவ் தப்பியது. அதற்குப் புரியும்படி ஒரு கட்டளைகூட வந்து சேராததே காரணமாக இருக்க வேண்டும்.

ஒரே கனெக்டரில் இரண்டு மொழி எப்படி வந்தது

இதற்குக் காரணம் தெரிந்தால் மற்ற பழைய இடைமுகங்களும் தெளிவாகிவிடும்.

1980-இல் வந்த சீகேட் எஸ்டி-506 டிரைவ் 5 எம்பி. அடுத்த ஆண்டு வந்த எஸ்டி-412, 10 எம்பி. இவை அறிவில்லாத டிரைவ்கள். ஹெட்டை நகர்த்து என்றால் நகர்த்தும். தட்டிலிருந்து வரும் காந்தத் துடிப்பை அப்படியே கேபிளில் அனுப்பும். துடிப்பைப் பிட்டாக மாற்றுவது, செக்டாரைத் தேடுவது எல்லாம் கம்ப்யூட்டருக்குள் செருகிய கன்ட்ரோலர் கார்டின் வேலை. அதனால்தான் இந்த வகை டிரைவுக்கு இரண்டு கேபிள்: கட்டளைகளுக்கு 34 பின், தரவுக்கு 20 பின். எம்எஃப்எம் முறையில் ஒரு டிராக்குக்கு 17 செக்டார், ஆர்எல்எல் முறையில் 26. டிரைவ் அதேதான், கன்ட்ரோலர் மாறினால் கொள்ளளவு மாறும். வேறு கன்ட்ரோலரில் எழுதிய டிரைவை இன்னொன்றில் மாட்டினால் பெரும்பாலும் படிக்காது, லோ லெவல் பார்மேட் செய்ய வேண்டிவரும்.

ஐபிஎம் 1983-இல் பிசி எக்ஸ்டியைக் கொண்டுவந்தபோது அதில் 8 பிட் பஸ், ஸீபெக் கன்ட்ரோலர் கார்டு. 1984-இல் வந்த பிசி ஏடியில் 16 பிட் பஸ், வெஸ்டர்ன் டிஜிட்டலின் கன்ட்ரோலர். இரண்டு கார்டும் கம்ப்யூட்டரோடு பேசும் விதமே வேறு. எக்ஸ்டி கார்டு 320 ஹெக்ஸ் முகவரியில் நான்கு போர்ட்டுகளை வைத்துக்கொண்டு, ஆறு பைட் கட்டளைக் கட்டு ஒன்றை வரிசையாக வாங்கிக்கொள்ளும். ஏடி கார்டு 1எஃப்0 முகவரியில் எட்டு ரெஜிஸ்டர்களை வைத்திருக்கும். செக்டார், சிலிண்டர், ஹெட் எண்களைத் தனித்தனியாக எழுதிவிட்டுக் கடைசியில் கட்டளையை எழுத வேண்டும்.

பிறகு உற்பத்தியாளர்கள் கார்டையே டிரைவின் அடியில் ஒட்டிவிட்டார்கள். எக்ஸ்டி கார்டை ஒட்டியது எக்ஸ்டி ஐடிஇ. ஏடி கார்டை ஒட்டியது ஏடி ஐடிஇ, பின்னாளில் ஏடிஏ. இரண்டுக்கும் கைக்குக் கிடைத்த அதே 40 பின் கனெக்டரைப் போட்டார்கள். எக்ஸ்டி வகை சில ஆண்டுகளில் மறைந்துபோனது. ஏடி வகை மட்டும் நிலைத்தது. அதனால் இன்று ‘40 பின் ஐடிஇ’ என்றதும் எல்லோருக்கும் ஏடி வகைதான் நினைவுக்கு வருகிறது. டிரைவுக்குப் பதில் வைக்கும் சிஎஃப் (காம்பாக்ட் பிளாஷ்) நினைவுக் கார்டு அடாப்டர்களும் ஏடி மொழி மட்டுமே பேசும், எனவே அவையும் ஏ590-இன் 40 பின்னில் வேலை செய்யாது.

இதற்கு மேல் ஒரு குழப்பம். பழைய பிசிகளின் 8 பிட் ஸ்லாட்டில் செருக ‘எக்ஸ்டி-ஐடிஇ’ என்ற பெயரில் ஆர்வலர்கள் செய்த கார்டு ஒன்று பரவலாகக் கிடைக்கிறது. நல்ல கார்டு. ஆனால் அது 8 பிட் ஸ்லாட்டிலிருந்து ஏடி டிரைவோடு பேசுவதற்கானது. டபிள்யூடி93028-எக்ஸ் போன்ற உண்மையான எக்ஸ்டி டிரைவை அதில் மாட்டினால் படிக்காது. பெயரைப் பார்த்து ஆர்டர் செய்துவிட்டு ஏமாறுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

தீர்வு: அதே போர்டின் மறுபக்கம்

ஏ590 போர்டில் 40 பின்னைத் தவிர 50 பின் கனெக்டர் ஒன்றும் உண்டு. பக்கத்திலேயே 33சி93 என்று அச்சிட்ட சிப். வெஸ்டர்ன் டிஜிட்டல் வடிவமைத்த ஸ்கசி கன்ட்ரோலர் அது. அமிகா 3000 உட்படப் பல கணினிகளில் இதே சிப் உண்டு. பெட்டியின் பின்பக்கம் 25 பின் டி வடிவக் கனெக்டரும் அதே ஸ்கசிக்குத்தான். ஆக, எக்ஸ்டி பக்கம் கதவு மூடியிருந்தாலும் ஸ்கசி பக்கம் திறந்தே இருந்தது.

50 பின்னையும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டேன். சாதாரண ஸ்கசியில் 25-ஐத் தவிர எல்லா ஒற்றைப்படைப் பின்களும் கிரவுண்ட். இங்கேயும் அப்படியே இருந்தது. 26-ஆம் பின் டெர்மினேஷனுக்கான (கேபிளின் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடைகளுக்கான) பவர். எஸ்டி கார்டு வைத்து ஸ்கசி டிரைவ் போல நடிக்கும் சிறு போர்டுகள் அந்தப் பின்னிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். பழைய கன்ட்ரோலர்களில் அங்கே 5 வோல்ட் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நான் அளந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சிறு போர்டுக்குத் தனியாகப் பவர் ஒயர் இழுத்துவிட்டேன்.

பழைய ஸ்கசி ஹார்டு டிஸ்க் தேடலாமா, எஸ்டி கார்டு போர்டு போடலாமா என்று உரிமையாளர் கேட்டார். உண்மையான டிஸ்கின் சத்தம் பிடிக்கும் என்றால் முதலாவது. ஆனால் இன்று கிடைக்கும் 50 பின் ஸ்கசி டிரைவ்களும் வயதானவைதான். ஒரு கிழவரை அனுப்பிவிட்டு இன்னொரு கிழவரைக் கூட்டிவருவது மாதிரி. 68 பின், 80 பின் டிரைவ்களை அடாப்டர் வைத்து ஓட்டலாம், பல நேரம் ஓடும். ஆனால் அதில் எச்விடி என்ற உயர் மின்னழுத்த வேறுபாட்டு வகையை மட்டும் தவறியும் மாட்டக் கூடாது, சிப்பைப் பொசுக்கிவிடும். எஸ்டி கார்டு போர்டையே தேர்ந்தெடுத்தோம்.

செய்தவை: ஸ்கசியில் கன்ட்ரோலர் தனக்கு ஐடி 7-ஐ வைத்துக்கொள்ளும், எனவே புதிய போர்டுக்கு ஐடி 0. சங்கிலியின் இரு முனையிலும் டெர்மினேஷன் வேண்டும். ஒரு முனை கன்ட்ரோலர், மறுமுனை இந்த எஸ்டி கார்டு போர்டு, எனவே அதன் டெர்மினேஷனை ஆன் செய்தேன். பின்பக்க 25 பின் கனெக்டரில் எதையும் செருகவில்லை. செருகினால் கன்ட்ரோலர் நடுவில் வந்துவிடும், டெர்மினேஷன் கணக்கு மாறும்.

அந்த 25 பின் கனெக்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேக்கின் ஸ்கசி, அமிகாவின் ஸ்கசி, பிசியின் பிரிண்டர் போர்ட் மூன்றுமே பார்வைக்கு ஒன்றுதான். அமிகா 500-இன் சொந்த பிரிண்டர் போர்ட்டும் 25 பின்தான். ஸ்கசி டிரைவை பிரிண்டர் போர்ட்டில் செருகியும், பிரிண்டரை ஸ்கசியில் செருகியும் சிப்பைக் கெடுத்துக்கொள்வது சுலபம். ஸ்கசி என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

பேச ஆரம்பித்த பிறகு வரும் எல்லைகள்

எச்டிடூல்பாக்ஸ் உடனே ஸ்கசி டிரைவைக் கண்டுகொண்டது. இங்கேயே பலர் முடித்துவிடுவார்கள். ஆனால் இடைமுகம் பொருந்துவது முதல் படி மட்டுமே. அதற்கு மேல் ரோம், பைல் சிஸ்டம், பார்டிஷன் அளவு என்று ஒவ்வொன்றும் தனித்தனி எல்லை வைத்திருக்கிறது.

பழைய ஸ்கசி மென்பொருள் பெரும்பாலும் ஆறு பைட் கட்டளைகளையே பயன்படுத்தும். அதில் செக்டார் எண்ணுக்கு 21 பிட் மட்டுமே. 2-இன் 21-ஆம் அடுக்கு, அதாவது 20,97,152 செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட். சரியாக 1 ஜிபி. அதற்கு மேல் உள்ள இடத்தைக் கேட்கவே வழியில்லை. பழைய அமிகா பைல் சிஸ்டத்தில் 4 ஜிபி என்று இன்னொரு எல்லை. அது பைட் கணக்கில் 32 பிட் எண்ணைப் பயன்படுத்துவதால் வருவது. எல்லையைத் தாண்டினால் பிழைச் செய்தி வரும் என்று நினைக்காதீர்கள். பல அமைப்புகளில் எண் சுற்றிக்கொண்டு மறுபடி தொடக்கத்துக்கு வரும். பார்டிஷன் விவரம் இருக்கும் முதல் செக்டார்கள்மேலேயே எழுதிவிடும். சில வாரம் நன்றாக ஓடிவிட்டு ஒருநாள் எல்லாம் காணாமல் போகும்.

அதனால் எஸ்டி கார்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் அமிகாவுக்குக் காட்டியது 500 எம்பி டிரைவ் ஒன்றை மட்டுமே. அதிலும் இரண்டு பார்டிஷன்: துவங்குவதற்கு 50 எம்பி, மீதி மற்றவைக்கு. சிறிய பார்டிஷனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது அமிகா உறைந்துபோனால் அடுத்த முறை அந்தப் பார்டிஷன் முழுவதையும் சரிபார்த்த பிறகே எழுத விடும். பார்டிஷன் பெரிதாக இருந்தால் அந்தக் காத்திருப்பும் பெரிது.

கிக்ஸ்டார்ட் 1.3-இன் ரோமில் பழைய பைல் சிஸ்டம் மட்டுமே இருக்கிறது. எஃப்எஃப்எஸ் என்ற வேகமான பைல் சிஸ்டம் இல்லை. அதை டிரைவின் தொடக்கத்தில் இருக்கும் ரிஜிட் டிஸ்க் பிளாக் பகுதியில் சேர்த்து வைக்க வேண்டும். ஏ590-இன் ரோம் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். எச்டிடூல்பாக்ஸிலேயே இதைச் செய்யலாம். பழைய பைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு 512 பைட் பிளாக்கிலும் 488 பைட் மட்டுமே தரவு, மீதி 24 பைட் கணக்கு வழக்குக்குப் போய்விடும். எஃப்எஃப்எஸ்ஸில் 512-உம் தரவு. வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பழைய எக்ஸ்டி டிரைவையும் புதிய ஸ்கசியையும் ஒரே நேரத்தில் இணைத்து, பழைய தரவை நேரடியாகப் பிரதி எடுத்தேன். இரண்டிலும் டிஎச்0 என்ற பெயரில் பார்டிஷன் இருந்தால் 1.3 குழம்பும். அதனால் பிரதி எடுக்கும்வரை புதியதற்கு டிஎச்10 என்று பெயர். எதிலிருந்து துவங்குவது என்பதைப் பார்டிஷனின் துவக்க முன்னுரிமை எண் முடிவு செய்யும். பிளாப்பி டிரைவின் எண் 5, ஹார்டு டிஸ்குக்கு வழக்கமாக 0. அதனால் ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தாலும், துவக்கக்கூடிய பிளாப்பி உள்ளே இருந்தால் அதுவே முந்திக்கொள்ளும். பிரதி எடுக்கையில் படிக்க முடியாத கோப்புகள் சில மட்டுமே. அவற்றில் பெரும்பாலானவை ஒர்க்பெஞ்ச் பிளாப்பிகளிலேயே இருந்தன.

மற்ற கம்ப்யூட்டர்களில் இதே ஆய்வு

அமிகா குடும்பத்திலேயே மாடலுக்கு மாடல் வேறுபாடு. 500-க்கும் 1000-க்கும் உள்ளே எந்த இடைமுகமும் இல்லை. வெளியே என்ன செருகியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். 3000-இல் ஸ்கசி. 1992-இல் வந்த 600, 1200 இரண்டிலும் 44 பின் ஏடி ஐடிஇ, 4000-இல் 40 பின் ஏடி ஐடிஇ. இவற்றில் சிஎஃப் கார்டு தாராளமாக ஓடும். 44 பின்னில் 41, 42 இரண்டிலும் 5 வோல்ட் வருகிறது. கனெக்டரை ஒரு வரிசை தள்ளிச் செருகினால் அந்த மின்சாரம் போகக்கூடாத இடத்துக்குப் போகும். 600-இல் இன்னொரு பொறி: அதன் முதல் கிக்ஸ்டார்ட் ரோமான 37.299-இல் ஐடிஇ மென்பொருளே இல்லை. போர்டில் கனெக்டர் இருக்கும், டிரைவ் சுழலும், ஆனால் ரோம் கண்டுகொள்ளாது. ரோமைத்தான் மாற்ற வேண்டும்.

அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டரில் பின்பக்கம் 19 பின் டி கனெக்டர் இருக்கும். அது ஏசிஎஸ்ஐ என்ற அட்டாரியின் சொந்த இடைமுகம். ஸ்கசியின் உறவுக்காரன்தான், ஆனால் ஸ்கசி டிரைவை நேரடியாக மாட்ட முடியாது; நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். ஆறு பைட் கட்டளைகளால் அங்கேயும் அதே 1 ஜிபி எல்லை வரும். அட்டாரியின் மெகாபைல் 30 ஹார்டு டிஸ்க் பெட்டியைத் திறப்பவர்கள் பெரும்பாலும் திகைப்பார்கள். உள்ளே 34 பின், 20 பின் கேபிள்களோடு ஆர்எல்எல் டிரைவ். அதை அட்டாரி எஸ்டியின் இடைமுகம் என்று எண்ணிவிடக் கூடாது. வெளியே ஏசிஎஸ்ஐ, உள்ளே அதை மாற்றும் போர்டு, அதற்கடுத்து அடாப்டெக் கன்ட்ரோலர், கடைசியில்தான் எஸ்டி-506 வகை டிரைவ். மாற்று போட நினைத்தால் டிரைவை மட்டும் மாற்றுவதைவிட, ஏசிஎஸ்ஐ முனையிலேயே எஸ்டி கார்டு சாதனத்தைச் செருகுவதுதான் சிரமம் குறைந்தது.

34 பின் கேபிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிசியின் பிளாப்பி கேபிளும் எஸ்டி-506 கட்டளைக் கேபிளும் 34 ஒயர்தான், இரண்டிலும் முறுக்கு உண்டு. பிளாப்பியில் முறுக்கு 10 முதல் 16 வரை, ஹார்டு டிஸ்கில் 25 முதல் 29 வரை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று உதவாது. இஎஸ்டிஐ என்ற மற்றொரு வகை டிரைவ்களும் அதே 34, 20 பின் கேபிள்களையே பயன்படுத்தும், ஆனால் எஸ்டி-506 கன்ட்ரோலரோடு பேசாது. அங்கேயும் மாடல் எண்தான் துணை.

மேக்கில் 1986-இன் மேக்கின்டோஷ் பிளஸ் முதல் ஸ்கசி. இடைமுகம் சரியாக இருந்தும் ஆப்பிளின் எச்டி எஸ்சி செட்டப் நிரல் டிரைவை மறுத்தால் பயப்பட வேண்டாம். அது ஆப்பிள் விற்ற டிரைவ்களை மட்டுமே ஏற்கும். வேறு பார்மேட் நிரலோ, திருத்திய பதிப்போ போதும்.

ஏ590-இல் உள்ளது போன்ற எக்ஸ்டி கனெக்டர் மட்டும் இருந்து, பக்கத்தில் ஸ்கசி இல்லாத கணினிகள்தான் உண்மையில் சிக்கலானவை. டேண்டி 1000 டிஎல்/2, டேண்டி 1000 ஆர்எல் அப்படிப்பட்டவை. மதர்போர்டிலேயே 40 பின் எக்ஸ்டி கனெக்டர். அங்கே இரண்டு வழி. எஸ்டி351-ஏ/எக்ஸ் போல ஜம்பரில் எக்ஸ்டிக்கு மாற்றக்கூடிய டிரைவ் கிடைத்தால் நேரடியாக மாட்டலாம். சுமார் 40 எம்பி கிடைக்கும். இல்லையென்றால் 40 பின்னை அப்படியே விட்டுவிட்டு, 8 பிட் ஸ்லாட்டில் முன்பு சொன்ன எக்ஸ்டி-ஐடிஇ கார்டைச் செருகி அதில் சிஎஃப் கார்டை வைக்க வேண்டும். அந்தக் கார்டு வழக்கமாக 300 ஹெக்ஸ் முகவரியில் உட்காரும், மதர்போர்டின் எக்ஸ்டி பக்கம் 320-இல் இருப்பதால் மோதல் வராது. ஆர்எல்லில் இருப்பது ஒரே ஒரு ஸ்லாட். அதில் ஏற்கெனவே மோடம் ஏதாவது இருந்தால் எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.